கடைசி ரெண்டு சிலிண்டர்

மே 3, புதன்

இந்த நோட்டோட முன்பக்கம் கடை விஷயம். எந்த நம்பர் சிலிண்டர், எத்தன மணிக்கு நெரப்பினேன், எத்தன பார் அழுத்தம். பின்பக்கம் சும்மா கிடக்குறதப் பாத்தா எனக்குத் தாங்கல. அதனால இன்னைக்குலருந்து பின்னால இருந்து நான் எழுதுறேன். ரெண்டும் நடுவுல எங்கயாவது முட்டும், அப்ப நிறுத்திக்கலாம். நான் இதுவரைக்கும் எதையும் முடிச்சதில்ல. முட்டாது.

பேரு பெனிட்டா. வயசு இருபத்தொண்ணு. மெக்கானிக்கல் இஞ்சினியரிங், ஆறாவது செமஸ்டர்ல விட்டுட்டு வந்தவ. ஏன்னு கேட்டா "காலேஜ் சரியில்ல"ம்பேன். காலேஜ்ல கேட்டா வேற சொல்லுவாங்க. இப்ப தூத்துக்குடியில செலஸ்டின் மாமா கடையில காத்து அடிக்கேன். சைக்கிளுக்கு இல்ல, கடலுக்கடியில முங்குற ஆளுங்களுக்கு. கப்பலோட அடிவயித்துல ஒட்டியிருக்க சிப்பியையும் பாசியையும் சுரண்டுற டைவருங்க ஆறு பேரு. ஆளுக்கு ரெண்டு சிலிண்டர், தினம் பன்னெண்டு. அவங்க கீழ போயி மூச்சு விடுறது நான் காலையில அடைச்சு வச்ச காத்து. நெனச்சா பெருமையா இருக்கும். அதனால அடிக்கடி நெனப்பேன்.

இன்னைக்கு பக்கத்து மாடி டியூஷன் சார் வந்தாரு. முகம் கடுகடுன்னு இருந்துச்சு.

"செலஸ்டின், காலையில ஆறரை மணி பேட்ச்ல நான் என்ன நடத்துதேன்னு எனக்கே கேக்கல. பிள்ளைங்க பிளஸ் டூ எழுதவா, ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போகவா? இனிமே நான் கார்ப்பரேஷனுக்குத்தான் எழுதிப் போடணும்."

மாமா என்னக் கைகாட்டுனாரு. "நம்ம வீட்லயே இஞ்சினியர் இருக்கா சார். ரெண்டே நாள்ல சத்தத்த அமுக்கிருவா."

நான் தலையாட்டுனேன். என் தலை எப்பவுமே என்னக் கேக்காமத்தான் ஆடும்.

மே 5, வெள்ளி

பொட்டி ரெடி.

கம்ப்ரஸரச் சுத்தி நாலு பக்கமும் பிளைவுட், மேல ஒரு மூடி. உள்பக்கம் பரோட்டா கடையில வாங்குன முட்டை அட்டை எம்பது. அட்டைக்கும் பலகைக்கும் நடுவுல அம்மாச்சி காலத்து மெத்தையக் கிழிச்சு அடைச்சிருக்கேன். ஊருல எவளும் இப்படி ஒண்ணு செஞ்சிருக்க மாட்டா.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மெஷின் காத்து இழுக்குற குழாய மட்டும் பொட்டிக்கு வெளிய எடுத்து மொட்டைமாடி வரைக்கும் ஏத்திவிட்டேன். மூச்சுவிடுற காத்து சுத்தமா இருக்கணும்ல. யாருக்கும் தோணாது, எனக்குத் தோணுச்சு. மெஷின ஆறவைக்கிற ஃபேனுக்குப் பின்னால உள்ளங்கை அளவு ஓட்டையும் விட்டிருக்கேன். அதுவும் பாவம்.

மாமா போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினாரு. அம்மாகிட்ட இருந்து பதில்: "நல்லாருக்கு. காலேஜுக்கு எப்ப போற?"

மே 6, சனி

சத்தம் இல்ல. டியூஷன் சார் ஒரு பாக்கெட் மக்ரூன் குடுத்துவிட்டாரு. நான் ஒரு மேதை.

மே 8, திங்கள்

ஆறு மணிக்கு ஸ்டார்ட். ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம். ஒம்பதுக்கு முடிஞ்சிரும். நடுவுல கால் மணிக்கு ஒருக்க வால்வத் தொறந்து தண்ணி விடணும். காத்த அமுக்குனா அதுல இருக்க ஈரம் தண்ணியா எறங்கும், புஸ்ஸுன்னு துப்பும். தெருநாய் ஒண்ணு தினம் அதுக்கு பயந்து ஓடிட்டு மறுநாளும் வந்து அங்கனயே படுக்கும். எனக்கு அத ரொம்பப் பிடிக்கும். எங்க ரெண்டு பேருக்கும் ஞாபகசக்தி ஒண்ணுதான்.

ததேயு எட்டரைக்கு வந்தான், எப்பவும்போல. மத்த அஞ்சு பேரும் அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அவன் சிலிண்டர் ரேக்ல கடைசி, பதினொண்ணும் பன்னெண்டும். அதனால கடைசியாத்தான் நெரம்பும். அது நெரம்புற வரைக்கும் அவன் கவுத்துப்போட்ட பக்கெட்டுல உக்காந்திருப்பான். ரேக்ல யாரு அடுக்குறதுன்னா நான்தான். அது வேற விஷயம்.

இன்னைக்கு கடலை மிட்டாய் கொண்டு வந்திருந்தான்.

"என்ன விசேஷம்?"

"அஞ்சு மாசம்."

டிசம்பர் எட்டு, மாதா திருநாளோட குடிய விட்டவன். அதுக்கு முன்னாடி அவன் குடிச்ச கதை துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும். அவனே சொல்லிச் சிரிப்பான். இப்ப மிட்டாய் தின்னுக்கிட்டே பொட்டியச் சுத்திச் சுத்தி வந்தான். உள்ள என்ன இருக்குன்னு கேட்டான். சொன்னேன். மூணு உருளை இருக்கு, பெருசு, நடு, சின்னது. பெருசு காத்த ஆறு மடங்கு அமுக்கி நடுவுக்குத் தள்ளும். நடு இன்னொரு ஆறு மடங்கு அமுக்கி சின்னதுக்குத் தள்ளும். சின்னது கடைசி மிதி மிதிச்சு இருநூறு பார்ல சிலிண்டருக்குள்ள ஏத்தும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சுருள் சுருளா குழாய், அது மேல ஃபேன் காத்து.

"எதுக்கு மூணு தடவ? ஒரே அமுக்கா அமுக்குனா என்ன?"

"தாங்காது."

"எது தாங்காது?"

"மெஷின்."

"ஏன்?"

"நீ என்ன, வைவா எடுக்கியா?"

சிரிச்சான். நானும் சிரிச்சேன். எனக்கு பதில் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியாது.

மே 9, செவ்வாய்

மெஷின் நடுநடுவுல தானா நின்னுருது. எட்டரைக்கு ஒருக்க, ஒம்பதுக்கு ஒருக்க. கடைசி உருளை பக்கத்துல சூட்டுக்குக் கட் ஆகுற சுவிட்ச் ஒண்ணு இருக்கு. பழைய சுவிட்ச், கெட்டுப்போச்சு. ரெண்டு முனையையும் ஒரு வயர வச்சு நேரா முறுக்கிவிட்டேன். இப்ப நிக்கல. மாமா, "அதான் படிச்ச பிள்ள"ன்னாரு.

இன்னொரு நல்ல விஷயம்: வால்வுல தண்ணி ரொம்பக் கம்மியா வருது. முன்ன கால் செம்பு வரும், இப்ப நாலு சொட்டு. காத்து நல்லா காஞ்சு வருதுன்னு அர்த்தம். பொட்டிக்கு இப்படியும் ஒரு குணம் இருக்கும்னு நானே எதிர்பாக்கல.

மே 11, வியாழன்

ததேயு வந்ததும் வராததுமா, "பெனிட்டா, காத்து ஒரு மாதிரி இருக்கு"ன்னான்.

"எந்த மாதிரி?"

"பஜ்ஜிக் கடை மாதிரி. நேத்து எண்ணெயில இன்னைக்குப் போட்ட பஜ்ஜி."

"தின்னுட்டு முங்குனியா?"

"நெசமா சொல்லுதேன். மேல வந்தா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு."

கத்திரி வெயில், யாருக்குத்தான் தலை தெறிக்கல. இருந்தாலும் அவன் முன்னாடியே ரேக்ல இருந்து, இன்னைக்கு லீவு போட்ட ஆளோட ஒண்ணாம் நம்பர் சிலிண்டர எடுத்து லேசாத் தொறந்து மோந்து காட்டினேன். ஒரு வாசனையும் இல்ல. ஆராய்ச்சி முடிஞ்சது.

"உன் மூக்குலதான் பஜ்ஜி இருக்கு"ன்னேன். அவன் மூக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டான். ரொம்ப நேரம் சிரிச்சோம். அதாவது, நான் ரொம்ப நேரம் சிரிச்சேன்.

மே 12, வெள்ளி

ததேயு போட்டுல வாந்தி எடுத்துட்டான். சிலிண்டர் திருப்பிக் குடுக்க வந்த ஜெயசீலன்தான் சொன்னான். அவனும் ததேயுவும் ஒரே போட். ததேயு அவனுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தான்.

"அஞ்சு மாசம் தாக்குப்பிடிச்சதே பெருசு மாப்ள."

"ஊதிக் காட்டவாலே?"

"வேண்டாம். உன் வாயில ஏலக்கா வாசம் வருது. அதுவே எனக்கு சந்தேகமா இருக்கு."

ததேயு என்னப் பாத்தான், நான் ஏதாவது சொல்லுவேன்னு. நான் சிலிண்டர் நம்பரச் சரிபாத்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு சிலிண்டர்தான், சரிபாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நானும் அதேதான் நெனச்சேன். எழுதியே ஆகணும்னா, நானும் அதேதான் நெனச்சேன்.

மே 13, சனி

வந்தான், எடுத்தான், போனான். பக்கெட்டுல உக்காரல.

மே 15, திங்கள்

கப்பலடியில பத்து மீட்டர் ஆழத்துல ததேயு ஒரே எடத்த இருபது நிமிஷமா சுரண்டிக்கிட்டு இருந்திருக்கான். அந்த எடத்துல ஒண்ணுமே இல்லையாம், வெறும் பெயிண்ட். மேல இருந்து கயிற இழுத்து சிக்னல் குடுத்தா பதில் இல்ல. ஜெயசீலன் எறங்கி தூக்கிட்டு வந்திருக்கான். முகமெல்லாம் செவந்து, பேச்சு குழறி, யாரு நீங்கன்னு ஜெயசீலனையே கேட்டிருக்கான்.

ஆஸ்பத்திரியில வெயிலுன்னு சொல்லி டிரிப்ஸ் ஏத்துனாங்க. டாக்டர், "குடிப்பீங்களா?"ன்னு கேட்டாரு. அவன் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அவங்கம்மா, "குடிப்பான்"னு சொல்லிருச்சு.

நான் கதவுப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போயிருந்தேன். குடுக்காமலே கொண்டு வந்துட்டேன்.

கான்ட்ராக்டர் மச்சாடோ சார் அங்கயே வச்சு முடிவு சொல்லிட்டாரு. அடுத்த திங்கக்கெழம, இருபத்திரெண்டாம் தேதி, ஒரு வருஷ துறைமுக பாஸுக்கு டைவருங்க லிஸ்ட் போகுது. இந்த வாரம் இன்னொரு தடவ இப்படி ஆனா ததேயு பேரு அதுல இருக்காது. பாஸ் இல்லாம உள்ள கால் வைக்க முடியாது. அவனுக்கு முங்குறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது.

அவன் இன்னைக்கு ஒரு சிலிண்டர்தான் தீத்தான். ரெண்டாவது, பன்னெண்டாம் நம்பர், முழுசா திரும்பி வந்துருச்சு.

மே 16, செவ்வாய்

இந்த நோட்டோட முன்பக்கத்த இன்னைக்குத்தான் படிச்சேன். நானே எழுதுனது, நான் படிச்சதில்ல.

மத்த அஞ்சு பேரும் நல்லாருக்காங்க. ஒரே மெஷின், ஒரே காத்து. ததேயுவுக்கு மட்டும் ஏன்? அவன் குடிக்கான்னா கதை முடிஞ்சது. ஆனா நோட்டுல ஒவ்வொரு நாளும் கடைசி வரி ஒண்ணுதான்: எட்டரை டு ஒம்பது, பதினொண்ணு, பன்னெண்டு.

ஒம்பது மணிக்கு பொட்டி மூடியத் தொறந்தேன். பொட்டி வச்சதுக்கப்புறம் ஓடி முடிச்ச சூட்டோட நான் அதத் தொறந்ததே இல்ல. அனல் முகத்துல அறைஞ்சுச்சு. முட்டை அட்டையெல்லாம் பசை உருகித் தொங்குது. நெத்தி வேர்வை ஒரு சொட்டு கடைசி உருளை மேல விழுந்து சொய்ங்னு போச்சு. அப்பறம் வாசனை.

பஜ்ஜி.

உக்காந்து கணக்குப் போட்டேன். சைக்கிள் பம்பு அடிச்ச எல்லாருக்கும் தெரியும், காத்த அமுக்குனா சூடாகும். முப்பது டிகிரில உள்ள போற காத்த ஒரே அமுக்கா இருநூறு மடங்கு அமுக்குனா, கணக்குப்படி ஆயிரத்து நூறு டிகிரி. எந்த இரும்பும் எந்த எண்ணெயும் தாங்காது. அதான் மூணு படி. முதல் படியில ஆறு மடங்கு, சூடு இருநூத்தி முப்பது. அத அப்படியே விடாம, சுருள் குழாயில ஓடவிட்டு, ஃபேன் காத்துல ஆறவச்சு, பழையபடி முப்பது நாப்பதுக்குக் கொண்டுவந்துட்டுத்தான் அடுத்த படி. மறுபடி இருநூத்தி முப்பது, மறுபடி ஆறணும், அப்பறம் கடைசி படி.

ஆறாம ஏத்துனா? ரெண்டாவது படியிலயே ஐநூத்தி எழுபது. மூணாவது படியில மறுபடி அதே ஆயிரத்து நூறு. மூணு படி கட்டுனதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. படி பெருசில்ல, படிக்கும் படிக்கும் நடுவுல ஆறுறதுதான் பெருசு. நான் அந்த ஆறுற எடத்தத்தான் மெத்தை போட்டு மூடிட்டேன். ஃபேன் உள்ள இருந்த சூட்டையே திரும்பத் திரும்ப வீசிக்கிட்டு இருந்திருக்கு.

பொட்டிக்குள்ள ஆயிரமெல்லாம் போயிருக்காது. எண்ணெய் கருகுற அளவுக்குப் போயிருக்கு. எண்ணெய் கருகுனா கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது, ததேயு மோந்தது கூட வந்த புகைய. தலைவலி, வாந்தி, குழறல். பாக்குறதுக்கு குடிச்சவன் மாதிரியே இருக்கும். ஆழத்துல ரெண்டு மடங்கா வேலை செய்யும். தண்ணி கம்மியா வந்ததும் இதனாலதான். காத்து காயல, ஆறவே இல்லாததால ஈரம் எறங்காம நேரா ஃபில்டருக்குப் போயி அதையும் நனைச்சுக் கெடுத்திருக்கு. சுவிட்சும் கெடல. அந்த மெஷின்ல புத்தியோட இருந்தது அது ஒண்ணுதான், அது வாயிலயும் வயரச் சொருகிட்டேன்.

பொட்டி முழுசா சூடேற ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். காலையில முதல்ல நெரம்புன சிலிண்டருங்க தப்பிச்சிருச்சு. கடைசி ரெண்டு தப்பிக்கல.

காலேஜ்ல நான் விழுந்த பேப்பர் தெர்மோடைனமிக்ஸ். மூணு தடவ எழுதினேன். "பல படி அமுக்கத்தில் இடையே குளிர்விப்பது ஏன் அவசியம்?" ரெண்டு தடவ இந்தக் கேள்வி வந்துச்சு. ரெண்டு தடவயும் அத விட்டுட்டு 'அல்லது' போட்டிருந்ததுக்கு எழுதினேன். இதான் "காலேஜ் சரியில்ல."

மே 17, புதன்

விடியுறதுக்கு முன்னாடியே வந்து பொட்டியில ரெண்டு பக்கத்தையும் மூடியையும் கழட்டிட்டேன். எண்ணெய் மாத்தியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு. வயரப் பிடுங்கி சுவிட்ச பழையபடி மாட்டியாச்சு. கடைசி ஜோடி நெரம்புற வரைக்கும் மெஷின் ஒரு தடவ கூட நிக்கல. வால்வுல கால் செம்பு தண்ணி வந்துச்சு, நாய் ஓடுச்சு.

மாமா, "ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னாரு. "சர்வீஸ் மாமா"ன்னேன். டியூஷன் சார் ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்தாரு. மக்ரூன் இனிமே வராது.

பன்னெண்டாம் நம்பர் பழைய காத்த மட்டும் தொறந்துவிடல. சாக்கு போத்தி மூலையில வச்சிருக்கேன். ததேயுவுக்கு வேற சிலிண்டர் குடுத்தேன்.

எல்லாம் சரிபண்ணியாச்சு. யாருக்கும் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. இனி அவன் நல்லாயிருவான், பாஸ் வந்துரும். நான் ரொம்ப நிம்மதியா இருக்கேன். மத்தியானம் சோறு எறங்கல, வெயில்.

மே 18, வியாழன்

ததேயு நல்லாருக்கான். தலைவலி இல்ல, வாந்தி இல்ல. நேத்தும் இன்னைக்கும் மூணு மணி நேரம் முங்கியிருக்கான்.

இதுல எனக்குத் தெரியாமப் போன ஒண்ணு இருக்கு. அவன் நல்லானது அவனுக்கு எதிரா சாட்சியாயிருச்சு. ஜெயசீலன் சொல்லுதான்: "பாத்தியா, மச்சாடோ சார் வச்ச ஒரே வேட்டு. ஆளு நிப்பாட்டிட்டான்." மாமாவும் ஆமான்னாரு. அவங்கம்மா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திருச்சாம்.

அவன் இன்னைக்கு பக்கெட்டுல உக்காந்தான்.

"பெனிட்டா, எனக்கே சந்தேகமா இருக்கு. தூக்கத்துல எந்திரிச்சுப் போயி குடிச்சிருப்பேனோ?"

"அப்படியெல்லாம் குடிக்க முடியாது."

"எல்லாரும் சொல்லும்போது... நான்தான் மறந்துட்டேனோ என்னவோ."

இப்ப சொல்லு. இப்ப சொல்லுட்டி. வாயத் தொறந்தேன். "நூத்தித் தொண்ணூறு ஆயிருச்சு, இன்னும் பத்து பார்தான்"னு சொன்னேன்.

மே 19, வெள்ளி

மறுபடி ஒண்ணும் ஆகலன்னாலும் மச்சாடோ சார் லெட்டர் கேட்டிருக்காரு. குடிச்சிட்டு வந்தேன், இனிமே அப்படி வர மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா லிஸ்ட்ல பேரு இருக்கும். ஆனா அது ஃபைல்ல இருக்கும். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனாலும் கூடவே போகும்.

ததேயுவுக்கு எழுத வராது. எட்டாவதோட நின்னவன். யாருகிட்ட போவான்? படிச்ச பிள்ளைகிட்ட வந்தான். வெள்ளைத்தாள் ரெண்டு கொண்டு வந்திருந்தான், ஒண்ணு தப்பாப் போனா இன்னொண்ணு.

"நல்ல தமிழ்ல எழுது. சார் இவன் திருந்திட்டான்னு நெனைக்கணும்."

"மதிப்பிற்குரிய ஐயா, கடந்த பதினைந்தாம் தேதி நான் மது அருந்திய நிலையில் பணிக்கு வந்தேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்."

ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. என் எழுத்து முத்து முத்தா இருக்கும். ரெண்டாவது தாள் தேவப்படல.

வாசிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டு இருந்தான். "ஒப்புக்கொள்கிறேன்"ங்கிற எடத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டான். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி கையெழுத்துப் போட்டான். எனக்குத் தேங்க்ஸ் சொன்னான்.

இதுக்கு மேல எழுதுறதுக்கு எனக்கு ஜோக் ஒண்ணும் வரல.

மே 20, சனி

பன்னெண்டாம் நம்பர மாமாவோட ஸ்கூட்டர்ல முன்னால நிறுத்தி, ரெண்டு முழங்காலாலயும் இடுக்கிக்கிட்டு மச்சாடோ சார் ஆபீசுக்குப் போனேன். போற வழியில மூணு தடவ திரும்பலாம்னு இருந்துச்சு. வண்டியில ரிவர்ஸ் கியர் இல்ல, அதனால போயிட்டேன்னு வச்சுக்கோங்க.

ஆபீசுல அவரும் ஜெயசீலனும் இருந்தாங்க. மேஜை மேல அந்த லெட்டர்.

"சார், கப்பல் டேங்குக்குள்ள ஆள எறக்குறதுக்கு முன்னாடி காத்து பாப்பீங்கள்ல, அந்த மீட்டர் வேணும்."

"எதுக்கும்மா?"

"சொல்லுதேன்."

பிளாஸ்டிக் கவருக்குள்ள மீட்டரப் போட்டு, கவர் வாய வால்வோட சேத்துப் பிடிச்சு, லேசாத் தொறந்தேன். கார்பன் மோனாக்சைடுன்னு போட்டிருந்த கட்டத்துல பூஜ்யம். அப்பறம் பன்னெண்டு. நாப்பது. எழுவத்தொண்ணு. மீட்டர் கத்த ஆரம்பிச்சுச்சு. தொண்ணூத்து நாலுல நின்னுச்சு.

முங்குற காத்துல அது பத்தக் கூடத் தாண்டக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. ஜெயசீலன் நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டான்.

"எந்த சிலிண்டர் இது?"

"திங்கக்கெழம ததேயு முங்குன சிலிண்டரோட ஜோடி. ரெண்டும் ஒண்ணா நெரப்புனது."

"யாரு நெரப்புனது?"

"நான்."

மீட்டர் கத்திக்கிட்டே இருந்துச்சு. அவரே கவர விலக்கி அத அணைச்சாரு.

"மெஷின்ல கோளாறா?"

ஆமான்னு சொன்னா போதும். பழைய மெஷின், நம்புவாரு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்துச்சுன்னு எழுதாம இருக்க முடியல.

"மெஷின்ல இல்ல சார். என்கிட்ட."

பொட்டி, ஃபேன், சுவிட்ச், எல்லாத்தையும் சொன்னேன். செவ்வாக்கெழமையே தெரியும்னும் சொன்னேன். இந்த லெட்டர எழுதுனதும் நான்தான்னு சொன்னேன். ஜெயசீலன் என்ன ஒரு பார்வை பாத்தான். அப்பறம் தரையப் பாத்தான், அவனுக்கும் பாக்க வேண்டியது ஏதோ அங்க இருந்துச்சு.

மச்சாடோ சார் லெட்டர எடுத்து மடிச்சு என் கையில குடுத்தாரு.

"கையெழுத்து நல்லாருக்கு. அதப் பாத்து விவரமான பிள்ளைன்னு நெனச்சேன்."

ததேயு பேரு லிஸ்ட்ல இருக்கும். எங்க கடைக் காத்த வெளிய குடுத்து டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வாங்குற வரைக்கும் ஒரு சிலிண்டர் கூட எங்ககிட்ட வராது. இத மாமாவுக்கு போன் போட்டு அவரே சொன்னாரு. நான் அங்கயே நின்னு கேட்டேன். அதுதான் சரி.

மே 21, ஞாயிறு

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் கதையையும் நேத்து ராத்திரியே மாமாகிட்ட சொல்லிட்டேன். திட்டல. பூசை முடிஞ்சு வந்து கடையத் தொறந்து, ஓடாத மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டாரு.

"மூணு தடவயும் ஃபெயிலா?"

"மூணு தடவயும்."

"எத்தன மார்க்?"

"பதினெட்டு, இருபத்திரெண்டு, பதினாலு."

"நடுவுல ஒருக்க ஏறியிருக்கே"ன்னாரு. அப்பறம், "இஞ்சினியர் இஞ்சினியர்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ ஒரு தடவ இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம்.

மே 22, திங்கள்

பொட்டியில மிச்சம் இருந்த பலகையக் கழட்டிக்கிட்டு இருந்தேன். எட்டரை மணிக்கு ததேயு வந்தான். சிலிண்டர் இல்ல, வேலை இல்ல, சும்மா வந்து வாசல்ல நின்னான்.

"செவ்வாக்கெழமையே உனக்குத் தெரியும்."

"ஆமா."

"வெள்ளிக்கெழம எனக்கு வாசிச்சுக் காட்டுன."

"ஆமா."

"அந்த வாரம் பூரா எங்கம்மா எனக்கு சோத்தப் போட்டுட்டு, குனிஞ்சு வாய மோந்து பாக்கும். நேத்துத்தான் நிப்பாட்டுச்சு."

லெட்டர எடுத்துக் குடுத்தேன். கிழிப்பான்னு பாத்தேன். நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.

"பொட்டி தெரியாம செஞ்சது. அத விடு. ஒண்ணு மட்டும் கேக்கேன். எப்பவும் என் சிலிண்டர் மட்டும் ஏன் கடைசி?"

"ரேக்ல..."ன்னு ஆரம்பிச்சேன். ரேக்கப் பாத்தேன். அவனும் ரேக்கப் பாத்தான். பன்னெண்டு எடம், எல்லாம் காலி, எத எங்க வேணா வைக்கலாம்.

"மத்தவங்க எல்லாம் போயிருவாங்க. நெரம்புற வரைக்கும் நீ இருந்துதான் ஆகணும். பேசிக்கிட்டு இருக்கலாம்னு."

அவன் காது செவந்துச்சு. கோவமா என்னன்னு எனக்குத் தெரியல. இந்தத் தடவ கணக்குப் போட்டுப் பாக்கல.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்லட்டி."

போயிட்டான்.

மே 30, செவ்வாய்

காத்து சாம்பிள் எடுத்துட்டுப் போனாங்க. டியூஷன் சாரப் பாத்து, நடந்ததச் சொல்லி, மன்னிப்பு கேட்டேன். அவரு காலை பேட்ச மாடியோட பின்பக்க ரூமுக்கு மாத்திட்டாரு. "தெர்மோடைனமிக்ஸ் நானே நடத்துதேன். வந்து உக்காரு, பிள்ளைங்களோட பிள்ளையா"ன்னாரு. கிண்டலா நெசமான்னு தெரியல. நோட்டு வாங்கி வச்சிருக்கேன். இது இல்ல, வேற நோட்டு.

ஜூன் 5, திங்கள்

சர்டிபிகேட் வந்துருச்சு. காத்து சுத்தம். அஞ்சு மணிக்கே கடையத் தொறந்தேன். பொட்டி இல்ல, ஃபேனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணும் இல்ல. முதல் ஜோடியா பதினொண்ணையும் பன்னெண்டையும் மாட்டினேன். அஞ்சரைக்கெல்லாம் இருநூறு பார்.

போன் போட்டேன்.

"உன்னுது முதல்ல நெரப்பியாச்சு. இப்பவே வந்து எடுத்துக்கலாம்."

அந்தப் பக்கம் தண்ணி ஊத்துற சத்தம், அவங்கம்மா யாரையோ வையுற சத்தம்.

"எட்டரைக்கு வாரேன்"னு வச்சுட்டான்.

மிச்சம் பத்து சிலிண்டரையும் எட்டே காலுக்குள்ள முடிச்சு எல்லாரையும் அனுப்பிட்டேன். அவசரப்படல, ஒவ்வொரு ஜோடிக்கும் குழாயத் தொட்டுப் பாத்துத்தான் அடுத்தது. அப்பறம் பக்கெட்டத் தொடச்சு, கவுத்து வச்சேன்.